எரிமலைப் பாறையிலிருந்து பழைய காந்தப்புலத்தை மீட்பது எப்படி?

மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மலைக்கு ஏறும் சாலையோரம் மலையை வெட்டிய இடங்களில் கரும்பாறை தட்டுத் தட்டாகத் தெரியும். ஒவ்வொரு தட்டும் ஒரு குழம்புப் பாய்ச்சல். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்து உறைந்த பாசால்ட் அது. உறையும்போது அன்றைய புவிக்காந்தத்தின் திசையையும் பதித்துக்கொண்டது. அந்தப் பதிவைப் படிக்கும் முறையை இந்தப் பாறையை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு அடிப்படை. பாசால்ட்டில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதின் நுண்துகள்கள் உண்டு. 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் அவற்றில் நிலையான காந்தம் தங்காது. குழம்பு ஆறி அதற்குக் கீழே இறங்கும்போது, ஒவ்வொரு துகளும் தனக்குரிய வெப்பநிலையில் அப்போதைய புலத்தின் திசையில் பூட்டிக்கொள்கிறது. "தனக்குரிய வெப்பநிலையில்" என்பதை மனதில் வையுங்கள், பின்னால் எல்லாமே அதை நம்பித்தான் நிற்கிறது.

படி 1: பாறையைத் தேர்ந்தெடுங்கள்

பெயராத, புரளாத, சிதைவு குறைந்த பாறை வேண்டும். திசைகாட்டியைப் பாறை மேல் மெல்ல நகர்த்துங்கள். சில அடிக்குள் முள் தாறுமாறாகத் திரும்பினால் அங்கே இடி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. மின்னலின் மின்னோட்டம் பழைய பதிவை அழித்துப் புதிதாக எழுதிவிடும். மலையுச்சிகளில் இந்தத் தொல்லை அதிகம், அங்கே எடுக்காதீர்கள்.

படி 2: துளையிட்டுத் திசையைக் குறியுங்கள்

வைரமுனைத் துளைக்கருவியால் சுமார் 2.5 செ.மீ. விட்டமுள்ள உருளைகளை எடுப்பார்கள். ஒரு பாய்ச்சலுக்கு ஆறு முதல் எட்டு வரை எடுப்பது வழக்கம். உருளையைப் பிடுங்குவதற்கு முன்பே அது நோக்கும் திசையையும் சாய்வையும் அதன் மேல் கோடாகக் கீறிவிட வேண்டும். காந்தத் திசைகாட்டியைப் பாசால்ட்டே ஏமாற்றும். அதனால் நேரத்தைக் குறித்து, சூரியனின் நிழலைக் கொண்டும் திசையைச் சரிபார்ப்பது நல்லது. குறியீடு இல்லாத உருளை வெறும் கல்தான்.

படி 3: காந்தத்தைப் படிப்படியாக நீக்குங்கள்

என் பார்வையில் இதுதான் இந்த வேலையின் உயிர். கொண்டுவந்த உருளையை அளந்தால் கிடைப்பது ஒற்றைப் பதிவு அல்ல. முதலில் உறைந்தபோது பதிந்தது, பிறகு லட்சக்கணக்கான ஆண்டுகள் இன்றைய புலத்தில் கிடந்து ஒட்டியது, இரண்டும் சேர்ந்த கலவை. பல முறை சுண்ணாம்பு அடித்த சுவரைச் சுரண்டி அடிவண்ணத்தைப் பார்ப்பது போல மேற்பூச்சை நீக்க வேண்டும்.

காந்தப்புலம் நுழையாதபடி காப்பிட்ட உலையில் மாதிரியை 100 டிகிரிக்குச் சூடாக்கி, ஆறவைத்து, காந்தமானியில் அளப்பார்கள். அப்புறம் 150, 200 என்று 580 வரை. ஒவ்வொரு படியிலும் அந்த வெப்பநிலை வரை பூட்டியிருந்த துகள்கள் தம் நினைவை இழக்கும். தக்காண மாதிரி ஒன்றில், அளந்த காந்தத்தின் திசையைக் காட்டும் அம்புக்குறி தொடக்கத்தில் வடக்கே சாய்ந்திருக்கலாம். சூடு ஏற ஏற அது நகர்ந்து, தென்கிழக்கில் கீழ்நோக்கி நிலைக்கும். அதன் பின் திசை மாறாது, வலிமை மட்டும் குறையும்.

அளவுகளை வரைபடத்தில் குறித்தால், கடைசிப் புள்ளிகள் நேர்கோடாக, காந்தம் சுழியாகும் மையப்புள்ளியை நோக்கி வர வேண்டும். அந்தக் கோட்டின் திசைதான் நமக்கு வேண்டியது. கோடு மையத்தைத் தாண்டிப் போனாலோ வளைந்தாலோ, அந்த மாதிரியை நம்பாதீர்கள்.

படி 4: சராசரி எடுங்கள்

ஒரு பாய்ச்சலின் உருளைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஆனாலும் ஒரு பாய்ச்சல் என்பது ஒரு கணத்தின் பதிவுதான். புலம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அலைபாயும். பல ஆயிரம் ஆண்டுகளில் பரவிய பல பாய்ச்சல்களைச் சேர்த்தால்தான் அந்த அலைச்சல் சமன்படும். புதியவர்கள் பெரும்பாலும் அவசரப்படுவது இங்கேதான்.

படி 5: விடையைப் படியுங்கள்

தக்காணத்தின் பெரும்பகுதி தரும் சராசரி: காந்த ஒதுக்கம் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக விலகும் கோணம்) ஏறக்குறைய 154 டிகிரி, சரிவு (கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) கீழ்நோக்கி 45 டிகிரி அளவில். வடக்கு இருக்க வேண்டிய இடத்தில் தெற்கு. அதாவது, அன்று புலம் தலைகீழாக இருந்தது. மகாபலேஷ்வர்ப் பகுதியில் மேலே ஏறினால், உயரத்துப் பாய்ச்சல்களில் அது இன்றுபோல வடக்கு நோக்கித் திரும்புவதையும் காணலாம். ஒரு புலமாற்றம் ஒரே மலைச்சரிவில் பதிவாகியிருக்கிறது!

சரிவிலிருந்து அகலாங்கும் வரும். சரிவின் டேஞ்சென்ட், அகலாங்கின் டேஞ்சென்ட்டைப் போல் இரு மடங்கு. 45-க்கு டேஞ்சென்ட் 1, பாதி 0.5, அகலாங்கு சுமார் 27 டிகிரி. புலம் தலைகீழாக இருந்தும் சரிவு கீழ்நோக்கி என்பதால் அது தெற்கு அகலாங்கு. இன்று 18 டிகிரி வடக்கில் இருக்கும் நிலம்! ஒதுக்கம் 180-க்குப் பதில் 154 என்பது இந்தியா இடஞ்சுழியாகத் திரும்பியதையும் சொல்கிறது.

படி 6: வயதைச் சேருங்கள்

திசை மட்டும் காலத்தைச் சொல்லாது. ஆர்கான் ஐசோடோப்புகளைக் கொண்டு அதே பாய்ச்சலின் வயதைக் கணிக்க வேண்டும். 1906-ல் பிரான்சில் பெர்னார்ட் புருன்ஹஸும், 1920-களில் ஜப்பானில் மொடோனோரி மாட்சுயாமாவும் தலைகீழ்ப் பாறைகளைக் கண்டார்கள். 1960-களில் வயதுக் கணிப்பு சேர்ந்த பிறகுதான் புலமாற்றங்களின் காலவரிசை உருவானது. கடைசி மாற்றம் சுமார் 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

புலத்தின் வலிமையையும் மீட்கலாம், ஆனால் அது கடினம். ஒவ்வொரு வெப்பநிலையிலும் இழந்த காந்தத்தை, தெரிந்த புலத்தில் மீண்டும் ஏறும் காந்தத்தோடு ஒப்பிட வேண்டும். சூட்டில் தாதே மாறிவிட்டால் கணக்கு கெடும். ஹவாயில் 1960-ல் உறைந்த குழம்பில் புலத்தின் உண்மை அளவு தெரிந்திருந்தும் பல மாதிரிகள் அதைவிடக் கூடுதலாகக் காட்டின. எனவே முதலில் திசையில் கைதேறுங்கள்.

உலையும் காந்தமானியும் கைவசம் இல்லையா? மேஜிக் என்ற திறந்த தரவுத்தளத்தில் ஆய்வாளர்களின் அளவீடுகள் இருக்கின்றன. பிமேக்பை என்ற இலவச மென்பொருளில் அவற்றை ஏற்றி மூன்றாம் படியின் கோடுகளை நீங்களே பொருத்திப் பாருங்கள். நேரான மாதிரி ஒன்று, வளைந்த மாதிரி ஒன்று என்று தொடங்குங்கள்.