இன் ஆற்றை வரைபடத்தில் தொடர்ந்து வரைவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஆல்ப்ஸ் ஆறுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் ரைனையோ ரோனையோ தேடிப் போவார்கள். என்னைக் கேட்டால் இன் ஆற்றில் தொடங்கச் சொல்வேன். சுவிட்சர்லாந்தில் பிறந்து, ஆஸ்திரியாவைக் கடந்து, ஜெர்மனியில் டான்யூபில் கலக்கும் ஆறு இது. நீளம் சுமார் 517 கிலோமீட்டர். வெள்ளைத்தாள், பென்சில், மலையும் பள்ளமும் தெரிகிற வரைபடம் ஒன்று, இவ்வளவுதான் தேவை. கூகுள் மேப்ஸில் டெரெய்ன் அடுக்கைப் போட்டுக்கொண்டாலே போதும்.

படி 1: முடிவிலிருந்து தொடங்குங்கள்

ஆறு எங்கே பிறக்கிறது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு, எங்கே கலக்கிறது என்பதில் கிடையாது. ஆகவே முதல் புள்ளியை பாஸாவ் நகரில் வையுங்கள். மேற்கிலிருந்து டான்யூபும் தெற்கிலிருந்து இன் ஆறும் வடக்கிலிருந்து சிறிய இல்ட்ஸும் இங்கே கூடுகின்றன. செயற்கைக்கோள் படத்துக்கு மாறிப் பாருங்கள். இன் நீர் வெளிறிய பச்சையாக இருக்கும். பனியாறுகள் பாறையை அரைத்த நுண்துகள் அதில் மிதந்து வருவதே காரணம். சதுப்பு நிலத்திலிருந்து வரும் இல்ட்ஸ் கறுத்திருக்கும்.

படி 2: தண்டை, அதாவது முதன்மைக் கோட்டை வரையுங்கள்

பாஸாவிலிருந்து மேல்நோக்கி ரோஸன்ஹைம், கூஃப்ஸ்டைன், இன்ஸ்ப்ருக், லாண்டெக், ஸ்குவோல், சென்ட் மோரிட்ஸ், மலோயா என்று புள்ளிகள் வைத்து இணையுங்கள். சிறு வளைவுகளை விட்டுவிடலாம். ஒரு பெரிய திருப்பம் மட்டும் தாளில் வந்தாக வேண்டும்: மலோயாவிலிருந்து வடகிழக்காக நீண்ட பள்ளத்தாக்கில் ஓடிவரும் ஆறு, கூஃப்ஸ்டைன் பக்கம் வடக்கே திரும்பி மலையை விட்டு வெளியேறுகிறது. சுவிஸ் பகுதியில் ‘என்’ என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், அதே ஆறுதான்.

படி 3: இடது வலது

நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் வலக்கரை. மேல்நோக்கி வரைந்துகொண்டு வருவதால் இங்கே கை தடுமாறும். தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

படி 4: துணையாறுகள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். முதலில் வருவது சால்சாக், இன்னின் மிகப்பெரிய துணையாறு, வலக்கரை. அது கலக்கும் இடத்திலிருந்து பாஸாவ் அருகே வரை ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இன் ஆறே பெரும்பாலும் எல்லை. அடுத்து ஆல்ட்ஸ், கீம்ஸே ஏரியின் வடிகால். மலையிலிருந்து டிரோலர் ஆகென் கொண்டுவரும் வண்டல் ஏரியிலேயே படிந்துவிடுவதால் ஆல்ட்ஸ் தெளிந்து வரும். இடக்கரையில் ரோஸன்ஹைமில் மாங்ஃபால்.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்துக்குள் நுழைந்ததும் படம் மாறும். ஜில்லர், இன்ஸ்ப்ருக்கில் சில், பிறகு மேலாக், ஊட்ஸ்டாலர் ஆகெ, பிட்ஸெ என எல்லாம் வலக்கரையில்தான். ஒரு பக்கம் மட்டும் பல் உள்ள சீப்பு மாதிரி இருக்கும். தெற்கே ஆல்ப்ஸின் தலைமுகடும் பனியாறுகளும் இருக்கின்றன. வடக்கே கார்வெண்டல் சுண்ணாம்புக்கல் மலை ஆற்றை ஒட்டியே சுவராக நிற்கிறது. அதன் பின்புறம் விழும் மழை ஈஸார் ஆற்றுக்குப் போய், மியூனிக் வழியாகத் தனியே டான்யூபை அடைகிறது. ஈஸாரை இன்னோடு சேர்த்து வரைந்துவிடாதீர்கள். பக்கத்தில் பிறந்தாலும் பங்காளி இல்லை.

லாண்டெக்கில் இடக்கரையில் ஸன்னா. ரோஸன்னாவும் டிரிஸன்னாவும் சேர்ந்து உண்டாகும் குட்டி ஆறு. ஸெர்னெட்ஸில் வலக்கரையில் ஸ்பூல்: இது இத்தாலியின் லிவின்யோவிலிருந்து வருகிறது. இத்தாலி என்றதும் நீர் ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகும் என்று எண்ணத் தோன்றும். இது போவதோ கருங்கடலுக்கு. நாட்டு எல்லையும் நீர்ப்பிரிமுகடும் (மழைநீரை இரு ஆறுகளுக்குப் பிரித்துவிடும் முகடு) ஒன்றல்ல. ஸமேடன் அருகே சேரும் ஃப்ளாட்ஸ், பெர்னினா பனியாறுகளின் உருகுநீரைக் கொண்டுவருகிறது.

படி 5: தலைப்பகுதி

சென்ட் மோரிட்ஸுக்கு மேலே ஏரிகள் வரிசையாக வரும். கடைசியான சில்ஸ் ஏரியைத் தாண்டி, மலோயாவுக்கு மேலே மலையில் இருக்கும் லுங்கின் ஏரியில் கோட்டை முடியுங்கள். பக்கத்திலுள்ள லுங்கின் கணவாயைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே விழும் மழை மூன்றாகப் பிரியும்: ரைன் வழியாக வடகடல், இன் வழியாகக் கருங்கடல், மைரா ஆறு வழியாக ஏட்ரியாட்டிக்.

மலோயாவில் பள்ளத்தாக்குக்குத் தலைமுகடே இல்லாததையும் கவனியுங்கள். ஏரிப்பக்கம் சமதளம், மறுபக்கம் செங்குத்துச் சரிவு. அந்தச் சரிவில் வேகமாக அரித்துக்கொண்டு வந்த மைரா, ஒரு காலத்தில் இன்னுக்குச் சேர்ந்த மேல்நீரைப் பறித்துக்கொண்டது.

படி 6: தடிமன்

ஒவ்வொரு கூடலுக்குக் கீழேயும் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்குங்கள். பாஸாவுக்கு வரும்போது இன் கோடு டான்யூபைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கட்டும்: ஆண்டு சராசரியில் இன் வினாடிக்கு ஏறத்தாழ 740 கனமீட்டர் கொண்டுவருகிறது, டான்யூப் அதைவிடக் குறைவு. பனி உருகும் கோடையில்தான் இந்த மிகுதி. குளிர்காலத்தில் டான்யூப் கை ஓங்கும். அப்புறம் ஏன் பெயர் டான்யூப் என்று கேட்டால், நீளத்தில் அதுதான் மூத்தது.

கை பழகியதும் சால்சாக்கை எடுத்துத் தனித்தாளில் வரையுங்கள். அதுவும் கிழக்கே ஓடி, பிறகு வடக்கே திரும்பிச் சுண்ணாம்புக்கல் மலையை அறுத்துக்கொண்டு சால்ஸ்பர்க்குக்கு இறங்குகிறது.