"சாரி மேடம், என் காலைப் பார்த்தா பயந்துடுவீங்க": வாடிக்கையாளர் தன்னையே குறை சொல்லும்போது என்ன பேசுவது?

பார்லர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு வேக்ஸ் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், புருவம் எடுக்கும் நூலை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒருவர் தன் வயிற்றையோ கழுத்தையோ முடியையோ திட்ட ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது? அதைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் கிட்டத்தட்ட தினமும் இது நடக்கும்.

படி 1: ஏன் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்

பளீரென்ற விளக்கு, எதிரே பெரிய கண்ணாடி, முன்பின் தெரியாத ஒருவர் முகத்துக்கு அரையடி தூரத்தில். அந்த இடத்தில் யாருக்கும் கூச்சம் வரும். நீங்கள் மனதுக்குள் நினைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் அவர் பாராட்டு கேட்கவில்லை. "இங்கே என்னைக் கேவலமாகப் பார்க்க மாட்டார்களே?" என்றுதான் கேட்கிறார்.

படி 2: கையையும் முகத்தையும் கவனியுங்கள்

வாய் திறக்கும் முன்பே உங்கள் கை பதில் சொல்லிவிடும். ஃபேஷியல் நடுவே அவர் "பரு தழும்பு அசிங்கமா இருக்குல்ல?" என்று கேட்டதும் கை சட்டென்று நின்றால், அதையே பதிலாக எடுத்துக்கொள்வார். அதே வேகத்தில் தொடருங்கள். புருவத்தைத் தூக்குவது, குனிந்து உற்றுப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவரைக் கண்ணால் கூப்பிடுவது, எதுவும் வேண்டாம்.

படி 3: மறுக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். "ஐயோ, நீங்க எவ்வளவு அழகா இருக்கீங்க!" என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் நம்புவதில்லை. உடனே இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லி நிரூபிக்கப் பார்ப்பார், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வார். "நீங்க குண்டே இல்லை" என்பதில் இன்னொரு சிக்கல்: குண்டாக இருப்பது தப்பு என்று நீங்களும் ஒத்துக்கொண்டதாகிவிடுகிறது. "என் தொடையைப் பாருங்க, இதைவிட மோசம்" என்று போட்டிக்குப் போவதும் உதவாது.

என் முறை எளிது. அவர் சொன்னதைக் காதில் வாங்கியதைக் காட்டுவேன், சாதாரணக் குரலில் ஒரு வரி சொல்வேன், அப்புறம் வேலைக்குத் திரும்பிவிடுவேன்.

"சாரி, ரொம்ப முடி இருக்கு" என்றால்: "சாரி எதுக்கு? முடி இருந்தாத்தானே வேக்ஸிங். கொஞ்சம் வளர்ந்திருந்தா வேக்ஸுக்கு நல்லாவே பிடிக்கும்."

"பிரசவத்துக்கு அப்புறம் வயிறெல்லாம் கோடு கோடா ஆயிடுச்சு" என்றால்: "உடம்பு நிறைய மாறியிருக்கும், பழக நாளாகும். மேலே டவல் போட்டுக்கறீங்களா?"

"என் முகமே எனக்குப் பிடிக்கலை" என்று கனமாக வந்தால், சிரித்து மழுப்பாதீர்கள். "கேட்கவே கஷ்டமா இருக்கு. இன்னிக்கு உங்களுக்கு எது வசதியோ அப்படிப் பண்ணலாம்" என்பது போதும். அவர் பேச விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் அமைதியாக இருப்பதும் நல்ல பதில்தான்.

படி 4: தெரிந்த உண்மை இருந்தால் ஒரு வரி

சில விஷயங்கள் எவ்வளவு சகஜம் என்று தெரியாமலேயே பலர் வெட்கப்படுகிறார்கள். ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. பிரசவமான சில மாதங்களில் கொத்துக்கொத்தாக முடி கொட்டினாலும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் பழையபடி வளர்ந்துவிடும். மேல் கையில் சொரசொரவென்று இருக்கும் சின்னப் புள்ளிகள் பொதுவாகக் கெடுதல் செய்யாதவை. சருமத் துவாரங்களை நிரந்தரமாக மூடிவிட எந்த ஃபேஷியலாலும் முடியாது, அதனால் அவை தெரிவதில் யாருடைய தப்பும் இல்லை.

ஆனால் டாக்டராக மாறிவிடாதீர்கள். தாடையில் முடி வளர்வதற்கு பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் சிக்கல் காரணமாக இருக்கலாம். கழுத்து கறுத்துத் தடிப்பதற்கு உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதது காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் வேறு காரணங்களும் உண்டு. அவர் கேட்டால், "திடீர்னு வந்திருந்தா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: அந்த நிமிடத்தில் எதையும் விற்காதீர்கள்

ஒருவர் தன் கழுத்தை நொந்துகொண்ட அடுத்த நொடியே "அதுக்கு ஒரு பேக்கேஜ் இருக்கு" என்று சொன்னால், அவர் பயந்தது சரிதான் என்று முத்திரை குத்தியதாகிவிடும். அவராகவே வழி கேட்டால் சொல்லுங்கள். அவர் கேட்காத இடத்தை நீங்களாகச் சுட்டிக்காட்ட வேண்டாம். புருவத்துக்கு வந்தவரிடம் "அப்பர் லிப்பும் எடுத்துடலாமா?" என்று கேட்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்காது. "வேற ஏதாவது பண்ணணுமா?" என்று கேட்டாலே போதுமே.

கூட வந்தவர் குறை சொன்னால்

இது இன்னும் சங்கடம். "இவ மூஞ்சியைப் பாருங்க, எல்லாம் பரு" என்று அம்மா சொல்ல, மகள் தலை குனிந்திருப்பாள். அம்மாவோடு வாதாடாதீர்கள். மகளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா பண்ணணும்?" என்று கேளுங்கள். நாற்காலியில் இருப்பவள் அவள்தான், முடிவும் அவளிடமிருந்தே வரட்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஒரு குறையை ஒருவர் திரும்பத் திரும்பக் காட்டுகிறார், எவ்வளவு சரிசெய்தாலும் நிம்மதி அடைவதில்லை, அதனால் வெளியே போவதையே தவிர்க்கிறார் என்றால், அது உடல் தோற்றம் பற்றிய மனநலச் சிக்கலாக இருக்கலாம். மேலும் மேலும் சிகிச்சை செய்வதால் அது பொதுவாகத் தீராது. "இதுக்கு மேல பண்ணினா தோலுக்கு நல்லதில்லை" என்று மென்மையாக நிறுத்துங்கள். தனியாக இருக்கும்போது, "இது உங்களை ரொம்ப வாட்டுது போல இருக்கே, ஒரு கவுன்சிலர்கிட்ட பேசிப் பார்க்கலாமே" என்று சொல்லலாம்.

மேலே உள்ள பதில்களை அப்படியே மனப்பாடம் செய்தால் செயற்கையாக ஒலிக்கும். உங்கள் பேச்சு வழக்கில் மாற்றி, கூட வேலை செய்யும் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்படியே கடைக்குள் நீங்கள் இருவரும் உங்கள் எடையைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். கண்ணை மூடி ஃபேஷியலில் படுத்திருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.