கார் பிரேக்: மிதித்தால் என்ன நடக்கிறது, எதை எப்போது பார்க்க வேண்டும்

பிரேக் என்றாலே எல்லோரும் பேட் பற்றித்தான், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வித் தேய்கிற கட்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் வரும், எந்த பேட் நல்லது, சத்தம் வருமா, இதுதான் பேச்சு. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு நீண்ட மலை இறக்கத்தில் மிதித்த மிதி பாதிக்கு மேல் சும்மா உள்ளே போன நாள் வரைக்கும். பேட் புதுசு, டிஸ்க்கிலும் குறை இல்லை. நாலு வருஷமாக மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில்தான் காலை வாரியது. கியரைக் குறைத்து, மிதியை விட்டு விட்டு அடித்து, ஒரு வழியாக ஓரம் கட்டி இறங்கினால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போக முடியாத அளவுக்குச் சூடு, கூடவே கருகிய வாடை.

அந்தச் சூடுதான் விஷயமே. காரின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் பிரேக்கின் வேலை. 1200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கிறது என்று வையுங்கள். அந்த ஒரே நிறுத்தத்தில் வெளியாகும் ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுபோகப் போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதில் கால்வாசிதான். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு, அதனால்தான் வேகத்தில் போகும்போது பிரேக் 'பிடிக்கவே இல்லை' என்று தோன்றுகிறது.

மிதியை அழுத்தினால் அது முதலில் பூஸ்டரைத் தள்ளுகிறது. பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்து நம் கால் விசையைப் பல மடங்காக்குவது இந்த உருண்டை டப்பாதான். அதை ஒட்டி மாஸ்டர் சிலிண்டர். அங்கே உண்டாகும் அழுத்தம் குழாய்களில் நிரம்பியிருக்கும் திரவம், அதாவது பிரேக் ஆயில் வழியாக நாலு சக்கரத்துக்கும் போகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் இங்கே தள்ளினால் அங்கே நகரும், அவ்வளவுதான். டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் என்ற கவ்விக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து, இரண்டு பேட்களுக்கு நடுவில் சுற்றும் டிஸ்க்கைக் கவ்வ வைக்கிறது. டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் இருக்கும் ஷூ என்ற வளைந்த கட்டைகள் இரண்டும் விரிந்து அதன் உள்சுவரில் உரசும். நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் அதிக வேலை, அது சீக்கிரம் தேய்வதும் அதனால்தான். மாஸ்டர் சிலிண்டரில் தனித்தனியாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்றில் கசிந்தாலும் இன்னொன்று ஓரளவு பிடிக்கும், ஆனால் மிதி ரொம்பக் கீழே போகும், நிற்கும் தூரமும் நீளும்.

எஞ்சினை அணைத்துவிட்டால் பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிப்புக்குத்தான் வரும், அப்புறம் மிதி கல் மாதிரி ஆகிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

சரி, பிரேக் ஆயிலுக்கு வருவோம். பெயர்தான் ஆயில், அது எண்ணெயே இல்லை. டாட் (DOT) என்பது இதன் தர எண். டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைக்கால் (glycol) வகைத் திரவங்கள், காற்றிலிருக்கும் ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பருக்குள் அந்தச் சூடு எட்டக்கூடியதுதான். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி, ஆவியோ அமுக்கினால் சுருங்கும், நம் கால் விசை முழுவதும் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். எனக்கு நடந்தது அதுதான். கார் ஓடாமல் நின்றாலும் ஈரம் ஏறும், ஆகவே கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி. மூடியில் எந்த டாட் எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 மட்டும் சிலிக்கான், எண் பக்கத்தில் இருக்கிறதே என்று மற்றதோடு கலந்துவிடக்கூடாது. எஞ்சின் ஆயிலோ வேறு எந்த எண்ணெயோ ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் முழு அமைப்பும் பாழ். பிரேக் ஆயில் காரின் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரித்துவிடும்.

பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். மட்டம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் பேட் தேய்கிறது என்று அர்த்தம், பிஸ்டன் வெளியே வர வர அந்த இடத்தைத் திரவம் நிரப்புகிறது. இது தெரியாமல் மேலே மேலே ஊற்றி வைத்தால், புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயிண்டைக் கெடுக்கும். ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் எங்கோ கசிகிறது, ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பேட் பார்ப்பது சுலபம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து வீல் இடுக்கு வழியாகப் பாருங்கள். டிஸ்க்கை ஒட்டி இருக்கும் தேய்கிற பகுதியையும் அதன் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்து ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. தேய்கிற பகுதி மட்டும் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். உள்பக்க பேட்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். காலிப்பர் சறுக்கி நகர உதவும் பின்கள் (pins) இறுகிவிட்டால் வெளிப்பக்கம் தடிமனாக இருக்கும்போதே உள்பக்கம் தகடு வரை போயிருக்கும். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு, அதன் மேலேயே பொறித்திருப்பார்கள்.

மற்றதைக் காலும் காதும் சொல்லிவிடும். மிதிக்கும்போது கீச்சென்ற சத்தம் தொடர்ந்து வந்தால் பேட்டில் எச்சரிக்கைக்காக வைத்த தகடு உரசுகிறது. கரகரவென்று அரைத்தால் இரும்போடு இரும்பு, டிஸ்க்கும் போச்சு. மழைக்கு அடுத்த நாள் காலையில் வரும் உரசலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது மேல் துரு, நாலைந்து மிதியில் போய்விடும். மிதி ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் குழாயில் காற்று, ஏர் எடுக்க வேண்டும். சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது மிதி தானாக மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர் சீல்தான் பெரும்பாலும். ஒரு பக்கமாக இழுத்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம். நிதானமாக மிதிக்கும்போது கால் அதிர்ந்தால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. ஆனால் வழுக்கலில் ஓங்கி மிதிக்கும்போது வரும் தடதடப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியே வையுங்கள்.

பூஸ்டரைச் சோதிக்க அரை நிமிஷம் போதும். எஞ்சின் அணைந்திருக்கும்போது நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கி, அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது.

நீங்களே பேட் மாற்றுவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். வலது இடது இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். தூசியை ஊதவே கூடாது, மூச்சில் போகும், பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்தால் போதும். பின் சக்கரத்தில் சில பிஸ்டன்களைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும், எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் மோடுக்குப் போகாமல் தொடவே வேண்டாம். எல்லாம் மாட்டி முடித்ததும் காரை நகர்த்துவதற்கு முன்னால் மிதியைப் பல முறை அடித்துக் கெட்டியாக்குங்கள். இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்து, மிதி தரை வரை போய், சுவரில் முட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

மலையில் ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கத்திலும் இறங்குங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்படியும் மிதி உள்ளே போனால் எஞ்சினை அணைக்காதீர்கள். மிதியை வேகமாக விட்டு விட்டு அடியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நின்றதும் சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடக்கூடும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகி மிதி பழையபடி கெட்டியாக வந்து நிற்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி. அதை நம்பி நான் இன்னும் இரண்டு வாரம் அதே ஆயிலில் ஓட்டினேன். நீங்கள் மெதுவாகச் சமதரைக்கு வந்து, முதல் வேலையாக ஆயிலை மாற்றிவிடுங்கள்.