தினமும் ஓட்ட ஒரு பழைய கூப்பே: சிங்கப்பூரில் பார்த்து வாங்கும் முறை

இரண்டு கதவு, சரிந்த கூரை, பார்க்க ஸ்டைலாக இருக்கணும். ஆனால் பந்தயத்துக்குப் போகப் போவதில்லை. காலையில் தீவு விரைவுச்சாலையில் ஊர்ந்து வேலைக்குப் போகணும், சனிக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கணும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. குதிரைத்திறன் தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஓட்டுநர் உரிமம், சிங்பாஸ், கடனுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கடனைப் பற்றி ஒரே ஒரு வரி: காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70% வரை, அதைத் தாண்டினால் 60% வரை, அதிகபட்சம் 7 ஆண்டு. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பியுங்கள்.

படி 1: சிஓஇ எப்போது முடிகிறது?

ஊரில் பழைய கார் என்றால் "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கே அந்தக் கேள்விக்கு மூன்றாவது இடம்தான். முதல் கேள்வி சிஓஇ, அதாவது காரை இங்கே குறிப்பிட்ட காலம் வைத்து ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ், முடியும் தேதி. இரண்டாவது, அது முதல் பத்தாண்டா, புதுப்பித்ததா.

நம் பட்ஜெட்டில் வரும் கூப்பேக்களில் பெரும்பாலானவை 2010 முதல் 2013 வரை பதிவானவை: கியா செராட்டோ ஃபோர்ட்டே கூப், ஃபோக்ஸ்வேகன் சிரோக்கோ, ஹோண்டா சிஆர்-இசட், ஹுண்டாய் வெலோஸ்டர். இவற்றின் முதல் பத்தாண்டு எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் ஓடுகிறது என்றால் யாரோ சிஓஇ புதுப்பித்திருக்கிறார்கள். 2020-இல் ஏ பிரிவு சிஓஇ, அதாவது சிறிய எஞ்சின் கார்களுக்கானது, பெரும்பாலும் 30,000 வெள்ளி முதல் 40,000 வெள்ளி வரை இருந்தது. 2023 அக்டோபரில் அதே ஏ பிரிவு ஒரு லட்சத்தைத் தாண்டியது. மலிவான காலத்தில் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்த காரைத்தான் நாம் தேடுகிறோம்.

ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்ததா, பத்து ஆண்டுக்கா என்று அவசியம் கேளுங்கள். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்கவே முடியாது, காலம் முடிந்ததும் ஸ்கிராப்தான். பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தது என்றால், விரும்பினால் மறுபடியும் புதுப்பிக்கலாம். விளம்பரத்தில் இரண்டுக்கும் "சிஓஇ கார்" என்றே போட்டிருப்பார்கள்.

படி 2: டெப்ரி கணக்கு

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தக் கட்டம்தான். நண்பர்கள் கேட்கும்போதும் இங்கேதான் முகம் சுருங்குகிறது. மெதுவாகப் பார்ப்போம்.

டெப்ரி என்றால் அந்தக் கார் ஆண்டுக்கு உங்கள் பையிலிருந்து எவ்வளவு கரைக்கும் என்ற தொகை. முதல் பத்தாண்டில் இருக்கும் காருக்கு பார்ஃப் என்ற சலுகை உண்டு. பத்து வயதுக்குள் பதிவை ரத்து செய்தால், பதிவின்போது கட்டிய ஏஆர்எஃப் வரியில் ஒரு பங்கு திரும்பி வரும். நெடுங்காலமாக இருந்த விதிப்படி ஐந்து வயதுக்குள் 75%, பிறகு ஆண்டுக்கு 5% குறைந்து பத்தாம் ஆண்டில் 50%. புதிய கார்களுக்கு உச்சவரம்பும் விகிதமும் மாறியிருக்கின்றன. அதனால் பதிவான தேதியை வைத்து நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிஓஇ புதுப்பித்த காருக்கு பார்ஃப் கிடையாது. புதுப்பித்த அன்றே அது போய்விட்டது.

சும்மா ஒரு உதாரணம். விலைகள் கணக்குக்காக நான் போட்டவை.

முதல் கார்: வயது 7, விலை 70,000 வெள்ளி, மிச்சம் 3 ஆண்டு. ஏஆர்எஃப் 30,000, கடைசியில் திரும்புவது 15,000. ஆக 70,000-இல் 15,000 கழித்து மூன்றால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 18,330 வெள்ளி.

இரண்டாவது கார்: புதுப்பித்தது, விலை 40,000, மிச்சம் 4 ஆண்டு. கடைசியில் திரும்புவது பூஜ்யம். ஆண்டுக்கு 10,000.

இரண்டாவதுதான் மலிவு என்று உடனே கை நீட்டாதீர்கள். பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 10% வீதம் ஏறி, பதினான்கைத் தாண்டியபின் 50% கூடுதலில் நிற்கும். 1,600 சிசி காருக்கு ஆண்டுக்குச் சுமார் 742 வெள்ளி என்பது 1,113 ஆகும். 2,000 சிசி என்றால் சுமார் 1,212 என்பது 1,818. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த கட்டாயச் சோதனை ஆண்டுதோறும் வரும். பழுதுக்கென்று ஆண்டுக்கு 2,500 வெள்ளியாவது தனியாக எடுத்து வையுங்கள் என்பேன். இத்தனையும் சேர்த்தாலும் இரண்டாவது கார் 13,000 பக்கம்தான் நிற்கும். அப்போது தைரியமாக வாங்கலாம்.

இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்: பேப்பர் வேல்யூ, அதாவது பதிவை ரத்து செய்தால் திரும்பி வரும் தொகை. அந்த 40,000 வெள்ளி கார் 36,000 கட்டிப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தது என்று வையுங்கள். நான்கு ஆண்டு மிச்சம் இருக்கும்போது பதிவை ரத்து செய்தால், பயன்படுத்தாத அந்த நான்கு ஆண்டு சிஓஇக்காகக் கிடைப்பது 14,400. எஞ்சின் நாளையே படுத்தாலும் இவ்வளவு கைக்கு வரும். விலைக்கும் பேப்பர் வேல்யூவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இரும்புக்கும் கண்ணாடிக்கும் நீங்கள் கொடுக்கும் காசு. இந்த உதாரணத்தில் 25,600. பேரம் பேச வேண்டியது அந்தத் தொகையின் மீதுதான்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் டெப்ரியை அப்படியே நம்பாதீர்கள். கடையின் நிர்வாகக் கட்டணம் அதில் இருக்காது. சில சமயம், அவர்களிடமே கடன் எடுத்தால்தான் அந்த விலை என்று நேரில் போனபின் சொல்வார்கள். "ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு?" என்று செய்தியில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.

படி 3: எந்த மாடல்?

இங்கே நான் நடுநிலையாக இருக்கப் போவதில்லை.

தினசரி ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு கியா கூப் 1.6. வேகமில்லை, உள்ளே பிளாஸ்டிக் மலிவாகத் தெரியும். ஆனால் டார்க் கன்வெர்டர் வைத்த சாதாரண ஆட்டோ கியர்பாக்ஸ், டர்போ இல்லாத எஞ்சின், நான்கு கதவு செராட்டோவோடு பகிர்ந்துகொள்ளும் உதிரிப் பாகங்கள். எந்த வொர்க்‌ஷாப்பிலும் பார்ப்பார்கள். நான் வாங்கியதும் இதுதான்.

சிரோக்கோ பார்க்க எல்லாவற்றையும் விட அழகு, அதை மறுக்க மாட்டேன். 1.4 மாடலை இங்கே நிறையப் பேர் வாங்கினார்கள். 2014 பிப்ரவரிக்கு முன்பு ஏ பிரிவுக்கு சிசி மட்டும்தான் கணக்கு, இப்போதுள்ள 97 கிலோவாட் வரம்பு கிடையாது. 160 குதிரைத்திறன் கார் ஏ பிரிவில் வந்தது அதனால்தான். சிக்கல் அதன் ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். உள்ளே இரண்டு உலர் கிளட்ச். மத்திய விரைவுச்சாலையில் மாலை நேரத்தில் ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடாகும். மெக்கட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பகுதி பழுதாவதும் உலகம் அறிந்த கதை. 2013-இல் இந்தக் கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்ற ஃபோக்ஸ்வேகன் உலகளவில் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சிரோக்கோதான் வேண்டும் என்றால் 2.0 பாருங்கள், அதில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு வேக டிஎஸ்ஜி. சாலை வரி கூடும், நிம்மதியும் கூடும்.

சிஆர்-இசட் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும், பின் இருக்கை பெயருக்குத்தான். 2012-இல் மாற்றியமைத்த மாடலுக்கு முன் நிக்கல் பேட்டரி, அதற்குப் பிறகு லித்தியம். வாங்குவதென்றால் பிந்தியது. வெலோஸ்டரில் ஓட்டுநர் பக்கம் ஒரு கதவு, பயணி பக்கம் இரண்டு. இடதுபக்கம் நடைபாதை இருக்கும் நம் ஊருக்கு ரொம்ப வசதி. பெற்றோரை அடிக்கடி ஏற்றுகிறவர்கள் இதைத்தான் பார்க்கணும். பெஜோ ஆர்சிஇசட்டின் கூரையைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அதன் 1.6 டர்போ எஞ்சினின் டைமிங் செயின் டென்ஷனர் கதைகளைப் படித்தால் மயக்கம் தெளியும். டொயோட்டா 86 நிஜமான ஸ்போர்ட்ஸ் கார். விலையும் காப்புறுதியும் நம் பேச்சுக்கு வெளியே போய்விடும். வாங்கினால், 2018-இல் அறிவித்த வால்வு ஸ்பிரிங் திரும்ப அழைப்பு வேலை அந்தக் காருக்கு முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: முன்பணத்துக்கு முன் காப்புறுதி

சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு கதவு என்றாலே சில நிறுவனங்கள் விலையை ஏற்றும், சிலது பத்து வயதுக்கு மேற்பட்ட காருக்கு முழுக் காப்புறுதியே தராது. வண்டி எண்ணைக் கொடுத்து மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.

படி 5: நேரில் பார்ப்பது

கார் பார்க்க ஊபி, காக்கி புக்கிட், கிராஞ்சி எங்கே போனாலும், "நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினின் முதல் சத்தத்தை யாரோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வேண்டியதில்லை, ஒரு நல்ல டார்ச் போதும். காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், துரு, தண்ணீர்க் கறை தெரியும். கூரையின் உள்துணி தொங்குகிறதா என்று விரலால் அழுத்துங்கள். வெயிலில் நின்ற பழைய ஃபோக்ஸ்வேகன்களில் இது சாதாரணம். சிரோக்கோ, 86 மாதிரி கண்ணாடிக்குச் சட்டம் இல்லாத கதவுகளில் ரப்பர் தேய்ந்திருந்தால் மழையில் ஒழுகும். கார் கழுவும் இடத்துக்கு ஓட்டிப்போய்ச் சோதிக்கலாம். ஃபோக்ஸ்வேகன் என்றால், காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்க ஓபிடி லெவன் கருவியைத்தான் பரிந்துரைப்பேன். மலிவான பொதுக் கருவிகள் டிஎஸ்ஜியின் பிழைகளைச் சரியாகப் படிப்பதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது விரைவுச்சாலையில் மிதிப்பது வீண், அங்கே எல்லா காரும் நன்றாகத்தான் ஓடும். பலமாடி கார் நிறுத்துமிடத்துக்குப் போங்கள். சரிவில் நின்று, பிரேக்கை விட்டு, மெதுவாக ஊர்ந்து ஏறுங்கள். பிறகு ரிவர்ஸில் அதே சரிவு. உதறல், தட்டும் சத்தம், ஒரு நொடி தயக்கம், இதில் ஒன்று இருந்தாலும் அந்தக் காரை விடுங்கள். அதே சரிவில் முன் பம்பர் உரசுகிறதா என்றும் தெரிந்துவிடும். முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தியிருந்தால் உரசும். காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் இப்படித்தான் கேட்பார்: "தம்பி, கியர்பாக்ஸ பாத்தியா, இல்ல பெயின்ட்ட மட்டும் பாத்துட்டு வந்தியா?"

அங்கேயே ஒரு தடவை இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தி இறங்கிப் பாருங்கள். நிறுத்துமிடத்தின் அகலம் 2.4 மீட்டர், சிரோக்கோவின் அகலம் 1.81. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. கூப்பேயின் கதவோ நீளம். தினமும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்க உங்களுக்குச் சம்மதமா?

படி 6: சோதனையும் காகிதமும்

விற்பவர் சொல்லும் வொர்க்‌ஷாப் வேண்டாம். விகாம், எஸ்டிஏ, ஏஏ சிங்கப்பூர் போன்ற இடங்களில் பழைய காரை மதிப்பிட்டு அறிக்கை தருவார்கள். காரின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் அற்பம். "சோதனையில் பெரிய பழுது தெரிந்தால் முன்பணம் திரும்பும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கடையை மாற்றுங்கள்.

விற்பவரைத் தன் சிங்பாஸில் நுழைந்து ஒன்மோட்டாரிங்கின் வாகன விவரப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஓஎம்வி, ஏஆர்எஃப், சிஓஇ முடியும் தேதி, எத்தனை கை மாறியது என்று எல்லாம் அதிலேயே இருக்கும். பெயர் மாற்றக் கட்டணம் 25 வெள்ளி.

கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் பழைய காருக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விலை சற்றுக் குறையும், அவர் கடனைக் கட்டி முடித்துவிட்டாரா என்பதையும் நீங்களே உறுதி செய்யணும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"குழந்தை இருக்கு, கூப்பே ஒத்துவருமா?" 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் அதற்குரிய இருக்கை கட்டாயம். முன் இருக்கையைச் சாய்த்து, குனிந்து, குழந்தையை உள்ளே வைத்துப் பட்டி மாட்டுவதைக் கடையிலேயே உங்கள் சொந்த இருக்கையோடு செய்து பாருங்கள். முதுகு தாங்காது என்று தோன்றினால் நான்கு கதவுள்ள மெர்சிடிஸ் சிஎல்ஏ 180 பக்கம் போகலாம். கூரை சரிவு அதே மாதிரிதான். டெப்ரி மட்டும் அதே மாதிரி இருக்காது.

"வாங்கிய காரில் கறுப்பு டிண்ட், பெரிய சத்தம் போடும் எக்ஸாஸ்ட் இருக்கு, பிரச்சினையா?" ஆமாம். முன் கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் 70% ஒளியையாவது விடணும், பின்பக்கம் 25%. எக்ஸாஸ்ட் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்ற வகையாக இருக்கணும். அதற்கான சான்றிதழை விற்பவரிடம் கேளுங்கள். இல்லை என்றால், பழைய எக்ஸாஸ்ட்டைப் பொருத்தித் தந்த பிறகுதான் மீதிப் பணம் என்று சொல்லிவிடுங்கள்.