ரிவர்ஸில் அணையாது, முன்னால் போனால் அணையும்

சாவியைத் திருப்பினால் கார் உடனே ஸ்டார்ட் ஆகும். முதல் கியரில் கிளட்சை விட்டதும் ஒரு உதறல், எஞ்சின் நின்றுவிடும். நான்கு நாள் இதே கூத்து.

ஃபியூயல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றினேன், பயனில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியைத் துடைத்ததில் ஐடிலிங் மட்டும் கொஞ்சம் சீரானது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையில் காற்று அதிகம். உடனே, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து இதைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியது தண்டச் செலவு. பாவம், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் கவனிக்கத் தவறியது ஒன்று: ரிவர்ஸில் வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. காற்றை அளக்கும் சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், முன்னாலும் ஓடியது! சென்சார் இல்லாதபோது எஞ்சின் கம்ப்யூட்டர் அதன் அளவை விட்டுவிட்டுத் தன் கணிப்பில் பெட்ரோல் விடும். அப்படியானால் சென்சார் அளக்காத காற்று எங்கோ உள்ளே போகிறது. சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். அடிப்பக்க மடிப்பில் ஒரு விரற்கடை நீள விரிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. முன் கியரில் எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது அது வாய் பிளக்கிறது. ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாய்வதால் மூடிக்கொள்கிறது.

புது ஹோஸ் போட்டு, கிளாம்ப் இறுக்கி, சென்சார் ஒயரை மாட்டி, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்தேன். 20 நிமிட வேலை. அதன்பின் ஒருமுறைகூட அணையவில்லை.