ராத்திரி மூன்று வரி, கூடவே ஒரு ‘ஏன்’

தூங்கப் போகும் முன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுதச் சொல்வார்கள். பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, அது ஏன் நடந்தது என்றும் ஒரு வரி எழுத வேண்டும். என்னைக் கேட்டால் அந்த வரிதான் முக்கியம். “தோழி போன் செய்தாள்” என்று மட்டும் எழுதினால் தானாக வந்த அதிர்ஷ்டம் போலத் தெரியும். “அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது நான் விசாரித்தேன், அந்த ஞாபகத்தில் கூப்பிட்டாள்” என்று எழுதும்போது, நல்லது நடப்பதில் நம் பங்கும் இருப்பது கண்ணில் படும். நாளைக்கும் ஏதாவது செய்யலாம் என்ற தெம்பு அதிலிருந்து வருகிறது.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இதை ஒரே ஒரு வாரம் செய்தவர்களிடம்கூட ஆறு மாதம் வரை மகிழ்ச்சி கூடியிருந்தது. தொடர்ந்து செய்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

மோசமான நாளில் மூன்று தேறாது போலிருக்கும். சரி, சின்னதாகவே எழுதுங்கள். துணி காயும்வரை மழை வரவில்லை என்பதும் கணக்கில் சேரும். வாரக்கணக்கில் எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால் மட்டும், நோட்டை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.