கருவில் பீட்டா தலசீமியாவைக் கண்டறிதல்: ஆய்வகத்துக்கு ஒரு வழிகாட்டி

பீட்டா தலசீமியா என்பது, பழுதான மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தைக்குக் கடும் இரத்தசோகையை உண்டாக்கும் பரம்பரை நோய். கருவின் மாதிரி மேசைக்கு வருமுன்பே இதற்கான சோதனையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். தாய், தந்தை இருவருக்கும் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிக் கனஅளவு) 80 ஃபெம்டோலிட்டருக்கும் எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி எடை) 27 பிகோகிராமுக்கும் குறைந்து, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அவர்களைத் தலசீமியா மைனர் உடையவர்களாக, அதாவது பழுதான மரபணுவை ஒரு பிரதியில் மட்டும் சுமப்பவர்களாகக் கொள்ளலாம். இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும் என்பதால், எல்லையில் நிற்கும் முடிவுகளை இயல்பானவை என்று தள்ளிவிடலாகாது.

அடுத்து, ஒவ்வொருவரிடமும் உள்ள மரபணு மாற்றம் எது என்று அறிய வேண்டும். இந்தியாவில் ஐ.வி.எஸ். 1-5, ஐ.வி.எஸ். 1-1, கோடான் 8/9, கோடான் 41/42 (மரபணுவில் மாற்றம் உள்ள இடத்தைக் குறிக்கும் பெயர்கள்) ஆகியவற்றோடு டி.என்.ஏ.வில் 619 கார இணைகள் நீங்கிய மாற்றமும் மிகுதியாகக் காணப்படுவதால், முதல் நான்குக்கு, குறிப்பிட்ட ஒரு மாற்றத்தைத் தேடும் ஆர்ம்ஸ் பி.சி.ஆரையும் (பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் முறை), கடைசிக்கு, நீங்கிய பகுதியைக் கண்டறியும் கேப் பி.சி.ஆரையும் முதலில் செய்து, பிடிபடாதவற்றை மட்டும், டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சாங்கர் வரிசைப்படுத்தலுக்கு அனுப்புவது சிக்கனமானது. பெற்றோரின் மாற்றம் தெரியாமல் கருவின் மாதிரியை எடுக்கச் சொல்வது, என் கருத்தில், பொறுப்பற்ற செயல்.

நஞ்சுக்கொடித் திசுவை 11 வாரத்துக்குப் பிறகும், பனிக்குட நீரை 15 வாரத்துக்குப் பிறகும் மருத்துவர் எடுப்பார். திசு வந்தவுடன் அதை உப்புக் கரைசலில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் தாயின் கருப்பைத் திசுவை முழுவதுமாக நீக்கிய பின்னரே டி.என்.ஏ. பிரிக்க வேண்டும், இந்த வேலையில் அவசரம் கூடவே கூடாது. பெற்றோர் இருவருக்கும் ஒரே மாற்றம் இருந்து, கருவும் அதை இருபுறமும் பெற்றிருக்கையில், கலந்துவிட்ட தாயின் டி.என்.ஏ. இயல்பான மரபணுவுக்குரிய பட்டையை (பெருக்கிய டி.என்.ஏ. கோடாகத் தெரிவது) தோற்றுவித்து, நோயுள்ள கருவை வெறும் மைனர் என்று காட்டிவிடும். ஆகவே எஸ்.டி.ஆர். குறியீடுகளை (ஆளுக்கு ஆள் நீளம் மாறுபடும் டி.என்.ஏ. பகுதிகள்) கொண்டு தாயின் மாதிரியோடு ஒப்பிட்டுக் கலப்பில்லை என்று உறுதிசெய்யாமல் அறிக்கை தரலாகாது.

ஆர்ம்ஸ் சோதனையில் இயல்பான மரபணுவுக்கு ஒரு குழாய், மாறியதற்கு ஒரு குழாய் என இரண்டு வேண்டும். பி.சி.ஆர். சரியாக நடந்தது என்று காட்டும் உட்கட்டுப்பாட்டுப் பட்டை தெரியாத குழாயின் முடிவுக்குப் பொருளில்லை. பெற்றோர், முன்பே முடிவு தெரிந்த மாதிரிகள், டி.என்.ஏ. இடாத வெறுங்குழாய் எல்லாம் அதே ஓட்டத்தில் இருக்க வேண்டும். கருவின் டி.என்.ஏ.வை இரண்டு தனிப் பகுதிகளாகச் சோதித்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே முடிவை ஏற்க வேண்டும்.

எஸ்.டி.ஆர். தொகுதிகள் பலவற்றில் பாலினத்தைக் காட்டும் அமெலோஜெனின் குறியீடும் சேர்ந்தே வரும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவது குற்றமாதலால், அந்தப் பகுதியை அறிக்கையிலும் இணைப்புப் படங்களிலும் அறவே விட்டுவிட வேண்டும்.